கணிப்பொறி கட்டிய குழுக்கள்

நம் குடியிருப்புகளில், கணிப்பொறித் துறையில் ஒரு மகனோ மகளோ மருமகளோ பணிபுரியாத குடும்பம் இன்று அரிது. பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் நாம் வேரூன்றத் துணைசெய்த தொழில்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆயினும், அப்பொறி எவ்வாறு பிறந்தது என்று பிள்ளைகள் வினவினால் யாரேனும் ஓர் அறிஞரின் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அதனைத் தனி ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொல்ல இயலாது. 1945 முதல் 1951 வரையுள்ள சில ஆண்டுகளில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாகப் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே வகையான பொறியைக் கட்ட முனைந்தன. முதலில் எண்ணியவர்கள் முதலில் முடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முந்திக்கொண்டனர். அவ்வாறு நேர்ந்ததன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரும்பொறியும் அதன் குறையும்

இரண்டாம் உலகப் போரின்போது, பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணித்துக் காட்டும் அட்டவணைகள் அமெரிக்கப் படைக்கு ஏராளமாகத் தேவைப்பட்டன. ஒரே ஒரு பாதையைக் கைப்பொறி கொண்டு கணக்கிட்டு முடிக்க ஒருவருக்குப் பல மணி நேரம் ஆயிற்று. இதனை மின்விசையின் விரைவில் முடிக்கலாம் என்று எண்ணியவர் ஜான் மாக்லி. அவர் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூர் மின்பொறியியல் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவருடைய எண்ணத்திற்கு உருக்கொடுக்கும் ஆற்றல் பிரெஸ்பர் எக்கர்ட் என்னும் இளைஞரிடம் இருந்தது. 1943ஆம் ஆண்டு படைத்துறை பொருளுதவி வழங்க இசைந்து வேலை தொடங்கியபோது எக்கர்ட்டுக்கு வயது 24.

அவர்கள் கட்டிய பொறிக்கு எனியாக் என்று பெயர். அக்காலத்து வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகள் அதில் 17,468 இருந்தன. எடை ஏறத்தாழ 30 டன். நொடி ஒன்றுக்கு 5,000 கூட்டல்களை அது செய்தது. இத்தனை வால்வுகளுள் ஏதேனும் ஒன்று எப்பொழுதும் பழுதாகிக்கொண்டே இருக்குமே என்று பலர் ஐயுற்றனர். எக்கர்ட்டோ ஒவ்வொரு வால்வையும் அது தாங்கக்கூடிய அளவுக்குக் குறைவான மின்விசையிலேயே இயங்கச் செய்து, அதன் ஆயுளை நீட்டித்தார். போர் முடிந்த பின், 1946 பிப்ரவரியில் எனியாக் உலகிற்குக் காட்டப்பட்டது.

இத்துணைச் சிறப்புடைய பொறிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு கணக்கை விட்டு மற்றொரு கணக்கிற்கு மாற வேண்டுமாயின், கம்பிகளைப் பிடுங்கி வேறிடங்களில் செருகி, எண்ணற்ற திருகுகளையும் மாற்றியமைக்க வேண்டும். கணக்கு முடிய நொடிகள் போதும். அதற்குப் பொறியை ஆயத்தம் செய்ய நாட்கள் தேவை. அக்கடினமான பணியைச் செய்தவர்கள் கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்னும் பெண்மணிகள் அறுவர். அவர்களுடைய பெயர்கள் பரவலாகத் தெரியவருவதற்குப் பல பத்தாண்டுகள் கடந்தன.

பொறி முடிவதற்கு முன்னரே அதன் குறையை எக்கர்ட்டும் மாக்லியும் உணர்ந்திருந்தனர். கணக்கிற்குரிய எண்களோடு, அக்கணக்கைச் செய்தற்குரிய கட்டளைகளையும் எண்களாகவே மாற்றி, இரண்டையும் பொறியின் நினைவகத்தில் வைத்துவிட்டால் கம்பிகளைத் தொட வேண்டியதே இல்லை. கட்டளைகளை மாற்றினால் பொறியின் தொழிலே மாறிவிடும். இன்று நம் கைப்பேசி வரை எல்லாக் கணிப்பொறிகளும் நிற்பது இக்கருத்தின்மேல்தான். எனியாக்கை அடுத்துக் கட்டவிருந்த பொறியை இம்முறையில் அமைப்பதென்று முடிவாயிற்று. அதற்கு எட்வாக் என்று பெயரிட்டனர்.

பெயரால் வந்த பிணக்கு

1944ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு புகைவண்டி நிலைய மேடையில், எனியாக் பணியோடு தொடர்புடைய படை அதிகாரி ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், கணித மேதை ஜான் வான் நாய்மனைக் கண்டு உரையாடினார். பேச்சு புதிய பொறியைப் பற்றித் திரும்பியது. அதன் விளைவாக வான் நாய்மன் மூர் பள்ளிக் குழுவினருடன் கலந்து ஆராயத் தொடங்கினார். 1945 ஜூன் மாதம், எட்வாக் பற்றிய முதல் வரைவு அறிக்கை ஒன்றை எழுதி அனுப்பினார். தெளிவிலும் ஒழுங்கிலும் சிறந்த அவ்வறிக்கையைக் கோல்ட்ஸ்டைன் படியெடுத்துப் பலருக்கும் வழங்கினார். அதன் முகப்பில் வான் நாய்மன் பெயர் ஒன்றே இருந்தது.

இச்செயலின் விளைவு இருவகையாயிற்று. புதிய கருத்து இரு நாட்டு அறிஞரிடையேயும் விரைந்து பரவியது. எக்கர்ட்டும் மாக்லியுமோ தம் உழைப்பின் பயன் பிறர் பெயரில் போயிற்றென்று மனம் புண்பட்டனர். அடுத்து, பல்கலைக்கழகம் அவர்களிடம் பேடண்ட் உரிமைகளை விட்டுக்கொடுக்குமாறு கேட்டது. அவர்கள் இசையாது 1946 மார்ச் மாத இறுதியில் பதவி துறந்தனர். போட்டியில் எல்லோருக்கும் முன்னே நின்ற குழு, வேலை தொடங்கும் வேளையிலேயே சிதறிப்போயிற்று.

சிதறுவதற்கு முன் திட்டமிட்டிருந்த ஒரு நற்பணி மட்டும் நிறைவேறியது. 1946 ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 31 வரை, கணிப்பொறி கட்டும் கலையை விளக்கும் சொற்பொழிவுத் தொடர் ஒன்று மூர் பள்ளியில் நடைபெற்றது. விலகிய எக்கர்ட்டும் மாக்லியும் வந்து பாடம் சொன்னார்கள். இங்கிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதக்கூடத் தலைவர் மாரிஸ் வில்க்ஸ் கப்பலில் இடம் கிடைக்காமல் காலந்தாழ்ந்து வந்து, தொடரின் கடைசிப் பகுதியை மட்டுமே கேட்டார். கேட்டது அவருக்குப் போதுமானதாயிற்று. திரும்பும் கப்பலிலேயே தாம் கட்டவேண்டிய பொறியின் அமைப்பைத் தாளில் வரையத் தொடங்கிவிட்டார்.

நினைவகம் என்னும் முட்டுக்கட்டை

கருத்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆயினும் ஒருவராலும் உடனே பொறியைக் கட்ட இயலவில்லை. ஆயிரக்கணக்கான எண்களை இருத்தி வைத்து, கேட்டவுடன் நொடியின் சிறு பகுதிக்குள் எடுத்துக்கொடுக்கும் நினைவகம் அக்காலத்தில் இல்லை. போட்டி முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதிலேயே தங்கியிருந்தது.

அதற்கு இரண்டு வழிகள் தோன்றின. இரண்டும் போர்க்காலத்து ராடார் ஆய்வில் வேரூன்றியவை. முதலாவது பாதரசக் குழாய். பாதரசம் நிறைந்த நீண்ட குழாயின் ஒரு முனையில் மின்துடிப்பை ஒலியலையாக மாற்றி அனுப்புவர். மின்சாரத்தை நோக்க ஒலி மிக மெல்லவே செல்லும் ஆதலின், ஐந்தடி நீளமுள்ள குழாயைக் கடக்க அதற்கு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். மறுமுனையை அடைந்ததும் அதை மீண்டும் மின்துடிப்பாக்கி, வலிமையூட்டி, தொடக்கத்திற்கே திருப்பிவிடுவர். வாய்ப்பாட்டை மறவாதிருக்கத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் திண்ணைப் பள்ளி மாணவனைப் போல, பொறியும் எண்களை ஓயாமல் ஒப்பித்துக்கொண்டே நினைவில் வைத்திருந்தது.

இரண்டாவது வழி, ராடாரில் பயன்பட்ட, பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியிலும் நாம் கண்ட திரைக்குழாய். அதன் திரைமேல் மின்கதிரால் புள்ளிகளை இட்டால் அவ்விடங்களில் சிறிது மின்னூட்டம் தங்கும். அது நொடியின் சிறு பகுதியில் கசிந்து மறைந்துவிடும். மறைவதற்குள் ஒவ்வொரு புள்ளியையும் படித்து மீண்டும் எழுதிவிட வேண்டும். காற்றடித்து அழியும் முன் மணலில் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

மான்செஸ்டரின் சிறு பொறி

திரைக்குழாய் வழியில் சென்றவர் பிரெடரிக் வில்லியம்ஸ். போர்க்காலத்தில் ராடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், 1946ஆம் ஆண்டு இறுதியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். அவருடன் டாம் கில்பர்ன் என்னும் இளம் ஆய்வாளரும், பின்னர் ஜெப் டூட்டிலும் சேர்ந்தனர். 1947ஆம் ஆண்டு முடிவதற்குள் திரைக்குழாயில் 2,048 இருமை இலக்கங்களை நிறுத்திவைத்துக் காட்டினர்.

நினைவகம் உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிவது எப்படி? அதைச் சுற்றி ஒரு கணிப்பொறியையே கட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை என்று அவர்கள் துணிந்தனர். ஆகவே இயன்ற மட்டும் சிறிய பொறி ஒன்றை அமைத்தனர். அதன் நினைவகத்தில் 32 சொற்கள். ஒவ்வொன்றும் 32 இலக்கம். கழித்தல் மட்டுமே அதற்குத் தெரியும். கூட்ட வேண்டுமானால் கழித்தலைக்கொண்டே கூட்ட வேண்டும். அதற்கு 'குழந்தை' என்று செல்லப் பெயரும் அமைந்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் கில்பர்ன் எழுதிய கட்டளைத் தொடர் அதில் ஏற்றப்பட்டது. 2,62,144 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அவ்வெண் நீங்கலாக மிகப் பெரியது எது என்பதே கணக்கு. விடை 1,31,072 என்பதை நம் வீட்டுச் சிறுவரும் மனக்கணக்காகச் சொல்லிவிடுவர். பொறியோ ஒவ்வோர் எண்ணாக இறங்கி இறங்கிச் சோதித்து, ஏறத்தாழ 35 இலட்சம் செயல்களைச் செய்து, 52 நிமிடங்களில் சரியான விடையைத் தந்தது. எளிய கணக்கை வேண்டுமென்றே நீண்ட வழியில் செய்வித்து, பொறி பிழையின்றி நெடுநேரம் ஓடுமா என்று பார்த்தனர். நினைவகத்தில் வைத்த கட்டளைகளைக் கொண்டு மின்னணுப் பொறி ஒன்று கணக்கிட்டது உலகில் அதுவே முதன்முறை. நினைவகத்தைச் சோதிக்கக் கட்டிய துணைக்கருவிக்கே முதலிடம் கிட்டியது.

கேம்பிரிட்ஜின் நடைமுறைப் பொறி

வில்க்ஸ் பாதரச வழியைத் தேர்ந்துகொண்டார். போரின்போது பாதரசக் குழாய்களோடு பழகியிருந்த தாமஸ் கோல்ட் என்பவரிடம் அளவுகளைக் கேட்டறிந்து, தலைமைப் பொறியாளர் வில்லியம் ரென்விக் முதலானோரைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். மற்றவர்கள் நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்னும் விரைவை நாடியபோது, அவர் ஐந்து இலட்சமே போதும் என்று அமைந்தார். மிக விரைவான பொறியைச் செய்வது அவர் நோக்கமன்று. ஐயமின்றி இயங்கும் பொறி ஒன்றைக் கட்டி, பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் விரும்பியது. தம் வலிமையை அளந்து, அதற்கேற்ப வினை மேற்கொள்ளும் தமிழ் மரபினர்க்கு இத்தெளிவின் அருமை புதிதன்று.

இப்பணிக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உதவி வந்தது. இலண்டன் நகரில் தேநீர்க் கடைகள் நடத்திவந்த லயன்ஸ் குழுமம், நாள்தோறும் செய்த சிறு விற்பனைகளின் கணக்கை எழுதி மாளாமல் தவித்தது. அதன் அலுவலர் இருவர் 1947இல் அமெரிக்கா சென்றபோது, தங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் ஒரு பொறி உருவாகி வருவதை அங்கே கேட்டறிந்தனர். லயன்ஸ் குழுமம் 3,000 பவுன் பணமும் உதவிக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளரையும் கேம்பிரிட்ஜுக்கு அளித்தது.

1949 மே 6ஆம் நாள் எட்சாக் என்னும் அப்பொறி, பூச்சியம் முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கணக்கிட்டு அச்சிட்டது. மான்செஸ்டர் பொறி அதற்கு முந்தியது. ஆயினும் நாள்தோறும் பிறருக்குப் பயன்படும் கணிப்பொறி என்று சொல்லத்தக்கது எட்சாக்கே. டேவிட் வீலர் என்னும் ஆய்வு மாணவர், அடிக்கடி வேண்டப்படும் கட்டளைத் தொடர்களை ஒருமுறை எழுதிச் சேமித்து, வேண்டும்போது எடுத்தாளும் வழியைச் செம்மை செய்தார். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அதனை விளக்கி 1951இல் நூல் வெளியிட்டனர். புரதத்தின் அமைப்பைக் கண்டு 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜான் கெண்ட்ரூவின் ஆய்வுக்கும் எட்சாக் உழைத்தது. எட்சாக்கைப் பின்பற்றி லயன்ஸ் குழுமம் தானே கட்டிய லியோ என்னும் பொறி, 1951 நவம்பரில் ரொட்டிக் கூடத்து வாரக் கணக்கைப் போடத் தொடங்கியது. வாணிக அலுவலுக்குக் கணிப்பொறி முறையாகப் பயன்பட்டதன் தொடக்கம் இதுவேயாகும்.

பின்தங்கியவர்கள்

போட்டியில் பின்தங்கியவர்கள் அறிவிலோ ஆற்றலிலோ குறைந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் டூரிங், ஏஸ் என்னும் பொறிக்கு 1945ஆம் ஆண்டு இறுதியிலேயே விரிவான திட்டம் தந்தார். அதன் பரப்பு பெரிது. அதைக் கட்டுவோர் யார், எங்கே, எப்படி என்பதில் முடிவின்றிக் காலம் கழிந்தது. மனம் சலித்த டூரிங் 1947இல் விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்று, 1948இல் மான்செஸ்டரில் சேர்ந்தார். அவருடைய திட்டத்தைச் சுருக்கி அமைத்த முன்மாதிரிப் பொறி 1950 மே 10ஆம் நாள் இயங்கிற்று. இயங்கியபோது அக்காலத்து மிக விரைவான பொறிகளுள் ஒன்றாகவும் திகழ்ந்தது.

எக்கர்ட்டும் மாக்லியும் சொந்தத் தொழில் தொடங்கினர். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்திற்காக யூனிவாக் என்னும் பொறியைக் குறைந்த விலைக்குக் கட்டித்தர ஒப்பினர். செலவு விலையை மீறியது. பணம் தேட மற்றொரு பொறியைக் கட்ட ஒப்பி, அதிலும் இழப்படைந்தனர். குதிரைப் பந்தயக் கணக்குப் பொறி செய்யும் ஒரு குழுமத்தின் தலைவர் ஹென்றி ஸ்ட்ராஸ் கைகொடுத்தார். அவரும் 1949 அக்டோபரில் விமான விபத்தில் இறந்தார். 1950 பிப்ரவரியில் நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் குழுமத்திற்கு விற்க நேர்ந்தது. முதல் யூனிவாக்கை 1951 மார்ச் 31ஆம் நாள் கணக்கெடுப்பு அலுவலகம் ஏற்றது. அதற்கு முந்திய மாதமே, மான்செஸ்டர் பொறியின் வழிவந்த பெரான்டி நிறுவனப் பொறி அப்பல்கலைக்கழகத்தை அடைந்திருந்தது. போட்டி எல்லாவற்றுக்கும் தொடக்கமான எட்வாக்கோ 1951இல்தான் கணக்கிடத் தொடங்கிற்று.

எந்த உரிமைக்காக அவ்விருவரும் பல்கலைக்கழகத்தைத் துறந்தார்களோ, அந்த உரிமையும் இறுதியில் நிலைக்கவில்லை. எனியாக் பேடண்ட் செல்லாது என்று 1973 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூறப்பட்ட காரணங்களுள், வான் நாய்மனின் வரைவு அறிக்கை விண்ணப்பத்திற்கு நெடுநாள் முன்னரே வெளியாகிவிட்டது என்பதும் ஒன்று.

பம்பாயில் ஒரு குழு

இக்கதையின் ஒரு கிளை நம் நாட்டிலும் தழைத்தது. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கணிப்பொறியை விலைக்கு வாங்கியது. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ தானே ஒன்றைக் கட்ட முடிவு செய்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954இல் பம்பாய் வந்து சேர்ந்தவர். சென்னையிலிருந்து வேற்றூர் வந்து வினையாற்றிய தமிழர் வரிசையில் அவரும் ஒருவர்.

அவருடைய குழுவினர் எடுத்த எடுப்பில் பெரும்பொறியில் கைவைக்கவில்லை. மான்செஸ்டரில் செய்தது போலவே சிறிய முன்மாதிரி ஒன்றை முதலில் கட்டி, 1956ஆம் ஆண்டு இறுதியில் இயக்கிக் காட்டினர். அதில் பெற்ற பயிற்சியைக் கொண்டு 1957இல் முழுப்பொறியைத் தொடங்கினர். ஏறத்தாழ 2,700 வால்வுகளும், 40 இருமை இலக்கம் கொண்ட 2,048 சொற்களைத் தாங்கும் பெரைட் காந்த வளைய நினைவகமும் உடைய அப்பொறி 1960 பிப்ரவரியில் பணிக்கு வந்தது. 1962 ஜனவரியில் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

காலத்தை மட்டும் நோக்கினால் அது பிந்திய பொறி. டிரான்சிஸ்டரால் ஆன பொறிகள் அதற்குள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. 1964இல் அந்நிறுவனமே அமெரிக்காவிலிருந்து பெரிய கணிப்பொறி ஒன்றை வாங்கியபின் டிஃப்ராக்கின் பணி முடிந்தது. ஆயினும் இந்நாட்டில் கணிப்பொறியை உள்ளும் புறமும் அறிந்த ஒரு தலைமுறையை அது உருவாக்கிவிட்டது. 1965இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக நரசிம்மன் பொறுப்பேற்றார்.

முந்தியவர்களும் பிந்தியவர்களும் நமக்குக் காட்டுவது ஒன்றே. பெரிய கருத்தைப் பெற்றவர்கள் பலர். அதில் தம்மால் முடிந்த சிறு பகுதியை வரையறுத்துக்கொண்டு முடித்துக் காட்டியவர்கள் சிலர். அச்சிலரும் பிறர் மறையாது சொல்லிக்கொடுத்த அறிவின்மேல் நின்றே முந்தினர். மூர் பள்ளியின் சொற்பொழிவு இல்லையேல் எட்சாக் அத்துணை விரைவில் வந்திராது. பதவி துறந்த பின்னும் அங்கு வந்து பாடம் சொன்ன எக்கர்ட்டையும் மாக்லியையும் அதனால் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். இரவு நெடுநேரம் விழித்திருந்து குழுவோடு பணிமுடிக்கும் நம் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, அவர்களுக்குச் சொல்லத்தக்க கதை இது.